இரண்டு சராசரிகளை விரிதாளில் ஒப்பிடுதல்: டி-சோதனைக்கான முழுமையான வழிகாட்டி

ஒரே அளவை இரண்டு குழுக்களில் எடுத்து ஒவ்வொன்றுக்கும் சராசரி கண்டால், அந்த இரண்டு சராசரிகளும் துல்லியமாக ஒன்றாக அமைவது மிக அரிது. ஆகவே வேறுபாடு இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. கண்ணில் படும் வேறுபாடு, மாதிரிக்குள் யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்ற தற்செயலால் மட்டுமே தோன்றியிருக்கக்கூடியதா என்பதே கேள்வி. இதற்கு விடை காண உதவும் டி-சோதனையை எந்த விரிதாளிலும் ஒற்றை வரிச் சூத்திரத்தால் செய்துவிடலாம். ஆனால் அந்தச் சூத்திரத்தின் கடைசியில் இடும் இரண்டு இலக்கங்களில் ஒன்று மாறினாலும் முடிவு தலைகீழாகிவிடக்கூடும். இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரும் ஒரு தரவுத்தொகுதிக்கு, ஓர் இலக்கத்தை இட்டால் 0.0034 என்றும் வேறோர் இலக்கத்தை இட்டால் ஏறக்குறைய 0.46 என்றும் விடை வருகிறது (இந்த எண் எவ்வளவு சிறிதோ, வேறுபாட்டைத் தற்செயல் என்று தள்ளிவிடுவது அவ்வளவு கடினம்). விரிதாள் இரண்டையும் ஒரே நிதானத்தோடு காட்டும். எது சரி என்று அது சொல்லாது. எனவே எந்த விசைகளை அழுத்துவது என்பதோடு, ஒவ்வொரு தேர்வையும் எதற்காகச் செய்கிறோம் என்பதையும் சேர்த்தே இங்கே விளக்குகிறேன்.

எழுத்து வடிவம் பற்றி ஒரு குறிப்பு. சார்புகளின் பெயர்களையும் செல் முகவரிகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். விரிதாளில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சிட வேண்டும் (டி.டெஸ்ட் என்பது T.TEST, டி.டிஸ்ட்.2டி என்பது T.DIST.2T, டி.இன்வ்.2டி என்பது T.INV.2T, வார்.எஸ் என்பது VAR.S; செல் முகவரிகளில் வரும் பி என்பது B). தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளியைப் பயன்படுத்தும் மொழி அமைப்பு உங்கள் கணினியில் இருந்தால், சூத்திரத்தின் உறுப்புகளைப் பிரிக்க அரைப்புள்ளி இட வேண்டியிருக்கும்.

தாளைத் திறப்பதற்கு முன்

நமது எடுத்துக்காட்டு இது. ஒரு கருவியைப் பொருத்துவதற்கான வழிமுறைக் குறிப்பு பழைய வடிவில் ஒன்றும் புதிய வடிவில் ஒன்றுமாக இருக்கிறது. பதினெட்டுப் பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 10 பேருக்குப் பழைய குறிப்பையும் 8 பேருக்குப் புதிய குறிப்பையும் கொடுத்து, ஒவ்வொருவரும் வேலையை முடிக்க எடுத்துக்கொண்ட நிமிடங்களைப் பதிவு செய்கிறோம். எண்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை.

முதலில் கருதுகோள்களை எழுதிக்கொள்ள வேண்டும். இரு குறிப்புகளுக்கும் உரிய உண்மையான சராசரி நேரங்கள் சமம் என்பது இன்மைக் கருதுகோள். அவை சமமல்ல என்பது மாற்றுக் கருதுகோள். இங்கே உண்மையான சராசரி என்பது நம் கையிலுள்ள பதினெட்டு எண்களின் சராசரி அன்று. அந்தக் குறிப்புகளை இனிப் பயன்படுத்தப்போகும் எல்லோரையும் உள்ளடக்கிய முழுமைத் தொகுதியின் சராசரி. மாதிரிகளின் சராசரிகள் வெவ்வேறு என்பது கண்முன்னே தெரிவதால், அதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை.

அடுத்து, முக்கியத்துவ மட்டத்தைத் தீர்மானிக்க வேண்டும். சோதனை தரும் விடையான பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோது இவ்வளவு வேறுபாடு தற்செயலால் தோன்றும் வாய்ப்பு) எந்த எல்லைக்குக் கீழே வந்தால் இன்மைக் கருதுகோளை நிராகரிப்போம் என்பதே அது. பெரும்பாலோர் 0.05 என்று வைத்துக்கொள்கிறார்கள். புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வெளியிட்ட நூலில் வசதியான எல்லையாகக் குறிப்பிட்ட பிறகு பரவிய வழக்கம் அது. அந்த எண்ணுக்கு இயற்கை விதியின் தகுதி எதுவும் இல்லை. தவறாக ‘வேறுபாடு உண்டு’ என்று சொல்வதால் பெரிய இழப்பு நேரும் என்றால் 0.01 என்று வைப்பது பொருந்தும். எதுவாயினும் தரவைப் பார்ப்பதற்கு முன்பே அதை எழுதி வைத்துவிட வேண்டும்.

மூன்றாவது முடிவு, சோதனை ஒருமுனையா இருமுனையா என்பது. புதிய குறிப்பு நேரத்தைக் குறைக்கவும் செய்யலாம், கூட்டவும் செய்யலாம் என்றால் இருமுனைச் சோதனையே உரியது. ஒரு திசையில் வரும் வேறுபாடு மட்டுமே நம் முடிவை மாற்றும், எதிர்த்திசையில் எவ்வளவு பெரிய வேறுபாடு வந்தாலும் அது நமக்கு ஒரு பொருட்டில்லை என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் ஒருமுனைச் சோதனை நியாயமாகும். அப்படி உண்மையாகவே சொல்லக்கூடிய சூழல்கள் குறைவு. இருமுனையில் 0.08 வந்ததைக் கண்டபின் ஒருமுனைக்கு மாறி 0.04 ஆக்கிக்கொள்வது, எல்லையைத் தாண்டாத பந்தைப் பார்த்தபின் எல்லைக்கோட்டை நகர்த்துவதற்குச் சமம்.

தரவை உள்ளிடுதல்

ஏ1 செல்லில் ‘பழையது’ என்றும் பி1 செல்லில் ‘புதியது’ என்றும் தலைப்பிடுங்கள். ஏ2 முதல் ஏ11 வரை 24, 27, 22, 30, 26, 25, 29, 23, 28, 26 ஆகிய எண்களையும், பி2 முதல் பி9 வரை 21, 25, 19, 28, 23, 20, 26, 22 ஆகிய எண்களையும் உள்ளிடுங்கள். இரு குழுக்களின் அளவும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

எண்ணைப் போலத் தோன்றும் உரை, இந்த வேலையில் மிகவும் மௌனமான எதிரி. வேறொரு மென்பொருளிலிருந்து ஒட்டிய எண்ணுக்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்தால் விரிதாள் அதை உரையாகக் கருதிவிடக்கூடும்; அப்போது சராசரி காணும் சார்பும் டி-சோதனைச் சார்பும் அந்த செல்லை எச்சரிக்கை ஏதுமின்றி விட்டுவிடும். எனவே ஒவ்வொரு நெடுவரிசைக்கும் =கவுன்ட்(ஏ2:ஏ11) என்பதையும் =கவுன்ட்ஏ(ஏ2:ஏ11) என்பதையும் கண்டு, இரண்டும் ஒரே விடை தருகின்றனவா என்று பாருங்கள். முதலாவது எண்களை மட்டும் எண்ணும். இரண்டாவது காலியாக இல்லாத எல்லா செல்களையும் எண்ணும். இரண்டும் மாறுபட்டால் எங்கோ உரை ஒளிந்திருக்கிறது. அதுபோலவே, அளவு எடுக்கப்படாத செல்லைக் காலியாக விட வேண்டுமே தவிர அதில் சுழியத்தை இடக்கூடாது. சுழியமும் ஓர் அளவுதான்.

ஒருவரையே மூன்று முறை அளந்து மூன்று வரிசைகளாக உள்ளிடுவது இதைவிட ஆழமான பிழை. ஐந்து பேரைத் தலா மூன்று முறை அளந்தால் வரிசைகள் பதினைந்து வரும். ஆனால் மாதிரியின் அளவு ஐந்துதான். டி-சோதனை ஒவ்வொரு வரிசையையும் மற்றவற்றைச் சாராத தனித் தகவலாக எடுத்துக்கொள்வதால், இல்லாத உறுதியை இருப்பதாகக் காட்டிவிடும். அப்படிப்பட்ட தரவில் முதலில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சராசரி கண்டு, அந்தச் சராசரிகளைக் கொண்டே சோதனை செய்ய வேண்டும்.

பிறகு எண்களைக் கண்ணால் பாருங்கள். ஒரு புள்ளி வரைபடமோ பெட்டி வரைபடமோ போதும். பழைய குறிப்பின் தரவில் 30 என்பதற்குப் பதிலாக 300 என்று தவறுதலாகத் தட்டச்சாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழுவின் சராசரி 26இலிருந்து 53 ஆக எகிறும். இரு குழுக்களுக்கும் இடையிலான வேறுபாடு 3 நிமிடத்திலிருந்து 30 நிமிடமாகிவிடும். அப்படியானால் சோதனை இன்னும் உறுதியாக ‘வேறுபாடு உண்டு’ என்று சொல்லும் என்று தோன்றலாம். நடப்பது நேர்மாறானது: பி-மதிப்பு ஏறக்குறைய 0.30க்கு உயர்ந்துவிடும். ஒற்றை விலகல் எண் சராசரியை இழுப்பதைவிட அதிகமாகச் சிதறலைப் பெருக்கிவிடுவதே இதற்குக் காரணம்.

கடைசி இரண்டு இலக்கங்கள்

சோதனைச் சார்பின் பெயர் டி.டெஸ்ட். எக்செல் 2010க்கு முந்தைய பதிப்புகளில் இது புள்ளியின்றி டிடெஸ்ட் என்று இருந்தது. பழைய பெயரும் இன்றுவரை இயங்குகிறது. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆஃபிஸ் கால்க் ஆகியவற்றிலும் இதே சார்பு உண்டு. அது நான்கு உறுப்புகளை எதிர்பார்க்கும்: முதல் குழுவின் தரவு, இரண்டாம் குழுவின் தரவு, முனைகளின் எண்ணிக்கை, சோதனையின் வகை. முனைகளின் எண்ணிக்கையைப் பற்றி மேலே முடிவு செய்துவிட்டோம், எனவே 2. வகைக்கு மூன்று விடைகள் சாத்தியம்.

வகை 1 என்பது இணைத் தரவுக்கு உரியது: ஒரே நபரை முன்னும் பின்னும் அளந்தது, ஒரே பொருளை இரு கருவிகளால் அளந்தது போன்றவை. வகை 2 என்பது சார்பற்ற இரு குழுக்களுக்கு, அவற்றின் மாறுபாட்டளவைகள் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியுள்ளன என்பதன் அளவுகள்) சமம் என்ற அனுமானத்தோடு செய்வது. டப்ளின் கின்னஸ் மதுவடிப்பு ஆலையில் பணிபுரிந்த வில்லியம் காசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வளர்ந்த மரபு அது. வகை 3 என்பது சார்பற்ற இரு குழுக்களுக்கே, ஆனால் மாறுபாட்டளவைகள் சமமாக இருக்க வேண்டும் என்று கோராதது. பி. எல். வெல்ச் 1947இல் வெளியிட்ட ஆய்வின் வழியே வந்ததால் இதை வெல்ச் சோதனை என்பார்கள்.

வகை 2ஐயும் வகை 3ஐயும் எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்குப் பல பாடக்குறிப்புகள் ஒரு வழி சொல்கின்றன: முதலில் எஃப்.டெஸ்ட் சார்பால் மாறுபாட்டளவைகள் சமமா என்று சோதித்து, அதன் விடைக்கேற்ப அடுத்த சோதனையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று. இந்த வழியை நான் பரிந்துரைக்கமாட்டேன். எஃப்-சோதனை, தரவு மணி வடிவ இயல்நிலைப் பரவலிலிருந்து சற்று விலகினாலும் தடுமாறக்கூடியது. மாதிரி சிறிதாக இருக்கும்போது, மாறுபாட்டளவைகள் வெகுவாக வேறுபட்டாலும் அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். உதவி மிகவும் தேவைப்படும் இடமே அதுதான். மாறாக, மாறுபாட்டளவைகள் உண்மையிலேயே சமமாக இருந்தாலும் வெல்ச் சோதனையைப் பயன்படுத்துவதால் இழப்பது மிகச் சொற்பம். சமமாக இல்லாமல், குழுக்களின் அளவும் வேறுபடும்போது வகை 2 தவறான பி-மதிப்பைத் தரும்: சிறிய குழுவின் சிதறல் பெரிதாக இருந்தால் விடை பொய்யாகச் சிறுத்துத் தோன்றும். ஆகவே சார்பற்ற குழுக்களுக்கு எப்போதும் 3 என்பதே என் நடைமுறை.

இப்போது காலியான ஒரு செல்லில் இதை இடுங்கள்:

=டி.டெஸ்ட்(ஏ2:ஏ11, பி2:பி9, 2, 3)

விடை 0.0467. இதே தரவுக்கு வகை 2 இட்டால் 0.0399 வரும். புதிய குறிப்பைப் பெற்ற சிறிய குழுவில்தான் சிதறல் அதிகம் என்பதால், வகை 2 சற்றுக் கூடுதலான தன்னம்பிக்கையோடு பேசுகிறது.

சூத்திரத்தின் உள்ளே நடப்பது

டி.டெஸ்ட் சார்பு பி-மதிப்பை மட்டுமே தரும். டி-மதிப்பு, கட்டின்மைப் படிகள் (சிதறலை மதிப்பிடத் தரவில் எஞ்சியுள்ள சார்பற்ற தகவல்களின் எண்ணிக்கை), வேறுபாட்டின் நம்பிக்கை இடைவெளி (உண்மையான வேறுபாடு இருக்கக்கூடிய வரம்பு) ஆகிய எதையும் அது காட்டாது. அறிக்கை எழுத இவை தேவை. அதைவிட, ஒருமுறையேனும் கையால் கட்டியெழுப்பிப் பார்த்தவருக்குத்தான் சோதனை எதை எதோடு ஒப்பிடுகிறது என்பது விளங்கும்.

ஈ நெடுவரிசையைப் பழைய குறிப்புக்கும் எஃப் நெடுவரிசையைப் புதிய குறிப்புக்கும் ஒதுக்குங்கள். இரண்டாம் வரிசையில் எண்ணிக்கை, மூன்றாம் வரிசையில் சராசரி, நான்காம் வரிசையில் மாறுபாட்டளவை:

=கவுன்ட்(ஏ2:ஏ11)
=ஆவரேஜ்(ஏ2:ஏ11)
=வார்.எஸ்(ஏ2:ஏ11)

எஃப் நெடுவரிசையில் இவற்றையே பி2:பி9 என்ற பகுதிக்கு எழுதுங்கள். வார்.எஸ் என்பதன் இறுதியில் உள்ள ‘எஸ்’ மாதிரியைக் குறிக்கிறது; வார்.பி என்று எழுதினால், கையிலுள்ள எண்களே முழுமைத் தொகுதி என்று கருதி மாறுபாட்டளவையைக் குறைத்துக் காட்டிவிடும். பழைய குறிப்புக்கு எண்ணிக்கை 10, சராசரி 26, மாறுபாட்டளவை 6.667 என்றும், புதியதற்கு 8, 23, 9.714 என்றும் கிடைக்கும்.

ஈ6இல் சராசரிகளின் வேறுபாடு:

=ஈ3-எஃப்3

விடை 3. ஈ7இல் அந்த வேறுபாட்டின் திட்டப் பிழை:

=(ஈ4/ஈ2+எஃப்4/எஃப்2)^0.5

விடை 1.3715. ஒவ்வொரு குழுவின் மாறுபாட்டளவையையும் அதன் எண்ணிக்கையால் வகுத்துக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கிறோம். இதே ஆய்வைப் புதிய ஆட்களைக் கொண்டு திரும்பத் திரும்பச் செய்தால் சராசரிகளின் வேறுபாடு எவ்வளவு அலைபாயும் என்பதற்கான மதிப்பீடு இது. சிதறல் கூடினால் திட்டப் பிழை கூடும்; ஆட்கள் கூடினால் குறையும். ஈ8இல் டி-மதிப்பு:

=ஈ6/ஈ7

விடை 2.187. அதாவது நாம் கண்ட 3 நிமிட வேறுபாடு, தற்செயலால் நேரக்கூடிய அலைவைப் போல் 2.187 மடங்கு. முழுச் சோதனையின் சாரமும் இந்த ஒரு வகுத்தலில்தான் இருக்கிறது. ஈ9இல் கட்டின்மைப் படிகள்:

=ஈ7^4/((ஈ4/ஈ2)^2/(ஈ2-1)+(எஃப்4/எஃப்2)^2/(எஃப்2-1))

விடை 13.61. பார்வைக்கு அச்சுறுத்தும் இந்தச் சூத்திரம், சாட்டர்த்வெயிட் 1946இல் கொடுத்த தோராயம். சமமாறுபாட்டு முறையில் இது 10+8-2, அதாவது 16 என்று இருந்திருக்கும். சமமற்ற சிதறலை ஏற்றுக்கொண்டதற்கு நாம் கொடுக்கும் விலையாக 13.61க்குக் குறைகிறது. ஈ10இல் பி-மதிப்பு:

=டி.டிஸ்ட்.2டி(ஏபிஎஸ்(ஈ8), ஈ9)

ஏபிஎஸ் இல்லாமல் எழுதினால், டி-மதிப்பு எதிர்மறையாக வரும் நேரங்களில் எண் பிழைச் செய்தி வரும்; இந்தச் சார்பு எதிர்மறை எண்ணை ஏற்பதில்லை.

இங்கே எக்செல்லில் 0.0476 வரும். ஒற்றைச் சூத்திரமோ 0.0467 என்றது. நீங்கள் தவறு எதுவும் செய்யவில்லை. டி.டிஸ்ட்.2டி சார்பு கட்டின்மைப் படிகளின் தசமப் பகுதியை வெட்டிவிட்டு 13 என்று எடுத்துக்கொள்கிறது, டி.டெஸ்ட் 13.61ஐ அப்படியே பயன்படுத்துகிறது. அடுத்து வரும் பகுப்பாய்வுக் கருவிப்பெட்டியோ அதை அருகிலுள்ள முழு எண்ணாக்கி, 14ஐக் கொண்டு 0.0462 என்று சொல்லும். ஒரே தரவு, ஒரே சோதனை, ஒரே மென்பொருள், மூன்று விடைகள். அறிக்கையில் டி.டெஸ்ட் தரும் எண்ணைக் கொடுப்பதே சரி. மற்ற இரண்டும் முழு எண்ணாக்கத்தின் விளைவுகள்.

பகுப்பாய்வுக் கருவிப்பெட்டி

எக்செல்லில் ஃபைல், ஆப்ஷன்ஸ், ஆட்-இன்ஸ் என்று சென்று, கீழே உள்ள மேனேஜ் பெட்டியில் எக்செல் ஆட்-இன்ஸ் என்பதை வைத்து, கோ பொத்தானை அழுத்தி, அனாலிசிஸ் டூல்பாக் என்பதைத் தெரிவு செய்தால், டேட்டா தாவலில் டேட்டா அனாலிசிஸ் என்ற பொத்தான் தோன்றும். அதன் பட்டியலில் மூன்று டி-சோதனைகள் இருக்கும். ‘அன்ஈக்வல் வேரியன்ஸஸ்’ என்று முடிவதே நம்முடைய வகை 3. இரு தரவுப் பகுதிகளையும் தலைப்புகளோடு கொடுத்து, லேபிள்ஸ் பெட்டியைக் குறியிட்டு, எதிர்பார்க்கும் வேறுபாட்டுக்குச் சுழியத்தை இட்டால் போதும்.

கிடைக்கும் அட்டவணை வசதியானது, ஆனால் உறைந்துபோனது. பிறகு தரவில் ஓர் எண்ணைத் திருத்தினாலும் அட்டவணை மாறாது, கருவியை மீண்டும் இயக்க வேண்டும். கையால் எழுதிய சூத்திரங்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும். இக்காரணத்தால் கருவிப்பெட்டியைச் சரிபார்ப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

அட்டவணையில் ஒருமுனைப் பி-மதிப்பும் இருமுனைப் பி-மதிப்பும் சேர்ந்தே அச்சாகும். ஒருமுனை எண், இருமுனை எண்ணின் பாதியாக இருக்கும், டி.டெஸ்ட் சார்பில் முனைகளை 1 என்று இட்டாலும் அவ்வாறே. இதில் ஒரு பொறி உண்டு. வேறுபாடு நீங்கள் எதிர்பார்த்த திசையில் இருந்ததா என்று விரிதாளுக்குத் தெரியாது. புதிய குறிப்பு வேகமானது என்று நிறுவ முயன்று, தரவில் அது மெதுவானது என்று வந்தாலும், அதே சிறிய எண்ணைத்தான் விரிதாள் காட்டும். அப்போது உண்மையான ஒருமுனைப் பி-மதிப்பு, 1இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது. எனவே ஒருமுனைச் சோதனை செய்பவர் முதலில் சராசரிகளைப் பார்த்துத் திசையை உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பட்டியலில் இசட்-சோதனையும் இருக்கும். மாதிரி முப்பதைத் தாண்டினால் இசட்-சோதனைக்கு மாற வேண்டும் என்ற விதி, அச்சிட்ட அட்டவணைகளைப் புரட்டிய காலத்தின் மிச்சம். முழுமைத் தொகுதியின் மாறுபாட்டளவை முன்பே தெரிந்திருந்தால் அன்றி அதற்குத் தேவையில்லை.

இணைத் தரவு

வேறோர் ஏற்பாட்டைப் பார்ப்போம். எட்டுப் பேர் ஒரு வேலையைப் பயிற்சிக்கு முன் ஒரு முறையும் பின் ஒரு முறையும் செய்கிறார்கள். முன்: 31, 24, 28, 36, 22, 27, 33, 29. பின், அதே வரிசையில்: 29, 23, 27, 33, 22, 24, 31, 28. புதிய தாளில் இவற்றை ஏ2:ஏ9, பி2:பி9 ஆகிய பகுதிகளில் உள்ளிட்டு, முன்பு செய்தது போல வகை 3 இட்டால் விடை ஏறக்குறைய 0.46. வகை 1 இட்டால் 0.0034. தொடக்கத்தில் குறிப்பிட்ட இரண்டு எண்கள் இவையே.

ஏன் இவ்வளவு இடைவெளி? இந்த எட்டுப் பேரும் தமக்குள் வெகுவாக வேறுபடுகிறார்கள். ஒருவருக்கு 22 நிமிடம் போதும், இன்னொருவருக்கு 36 வேண்டும். வகை 3 இந்த ஆளுக்கு ஆள் வேறுபாட்டைச் சிதறலாகக் கணக்கில் எடுத்துக்கொள்வதால், சராசரியில் வந்த 1.625 நிமிடக் குறைவு அதற்குள் மூழ்கிவிடுகிறது. வகை 1 ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிடுகிறது. சி நெடுவரிசையில் =ஏ2-பி2 என்று எழுதிக் கீழே இழுத்தால் 2, 1, 1, 3, 0, 3, 2, 1 என்று வரும். ஒருவருக்கும் நேரம் கூடவில்லை. இந்த எட்டு எண்களின் சராசரி 1.625, திட்ட விலக்கம் (மாறுபாட்டளவையின் வர்க்கமூலம்) 1.061, அதை 8இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் திட்டப் பிழை 0.375, டி-மதிப்பு 4.33, கட்டின்மைப் படிகள் 7. இணை டி-சோதனை என்பது உண்மையில் இந்த ஒற்றை நெடுவரிசையின் சராசரி சுழியமா என்று கேட்பதுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு: சார்பற்ற இரு குழுக்களை, எண்ணிக்கை தற்செயலாகச் சமமாக அமைந்தது என்பதற்காக இணையாக்கக் கூடாது. ஒரு நெடுவரிசையை மட்டும் வரிசைப்படுத்தினால் தரவின் பொருள் கெடுமா என்று கேட்டுப் பாருங்கள். கெடும் என்றால் அது இணைத் தரவு. இதனாலேயே இணைத் தரவில் ஒரு நெடுவரிசையை மட்டும் தவறுதலாக வரிசைப்படுத்துவது பேராபத்து. ஒருவருக்கு ஓர் அளவு விடுபட்டிருந்தால் அவருடைய இரு அளவுகளையும் நீக்கிவிட்டே சோதனையைத் தொடங்குங்கள். வகை 1இல் இரு பகுதிகளின் நீளம் வேறுபட்டால் விரிதாள் பிழைச் செய்தி தரும்.

விடையை வாசித்தல்

பி-மதிப்பு 0.0467 என்பதன் பொருள் இதுதான்: இரு குறிப்புகளுக்கும் உண்மையான சராசரி நேரம் சமமாகவே இருந்தால், 3 நிமிடமோ அதற்கு மேலோ, எந்தத் திசையிலும், இவ்வளவு வலுவான வேறுபாடு தற்செயலாகத் தோன்ற ஏறத்தாழ 4.7 விழுக்காடு வாய்ப்பு உண்டு. இன்மைக் கருதுகோள் உண்மையாக இருக்க 4.7 விழுக்காடு வாய்ப்பு என்று இதைத் திருப்பிப் போட்டு வாசிப்பது மிகப் பரவலான தவறு. அதற்கு விடை சொல்லத் தேவையான தகவல் இந்த எண்ணுக்குள் இல்லை.

முன்பே வைத்த எல்லை 0.05 என்பதால் இன்மைக் கருதுகோளை நிராகரிக்கிறோம். ஆனால் அதோடு நிறுத்துவது பாதி வேலை. நம்பிக்கை இடைவெளியைக் காண ஈ12இல் இதை எழுதுங்கள்:

=டி.இன்வ்.2டி(0.05, ஈ9)*ஈ7

விடை 2.96. வேறுபாட்டிலிருந்து இதைக் கழித்தும் கூட்டியும் பார்த்தால், 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.04 நிமிடத்திலிருந்து 5.96 நிமிடம் வரை விரிகிறது. (இச்சார்பும் 13 என்றே எடுத்துக்கொள்வதால் இடைவெளி ஒரு மயிரிழை அகலமானது.) பி-மதிப்பைவிட இந்த இரண்டு எண்களும் அதிகம் பேசுகின்றன. புதிய குறிப்பால் மிச்சமாகும் நேரம் இரண்டு மூன்று நொடிகளாகவும் இருக்கலாம், ஆறு நிமிடமாகவும் இருக்கலாம் என்பதே பதினெட்டுப் பேரின் தரவு சொல்லக்கூடியது. புதிய குறிப்பை அச்சிடுவதற்கு ஆகும் செலவு, குறைந்தது ஒரு நிமிடம் மிச்சமானால்தான் ஈடுகட்டப்படும் என்றால், 0.05க்குக் கீழே வந்த பி-மதிப்பு அந்தக் கேள்விக்கு விடை தரவில்லை.

பி-மதிப்பு 0.05க்கு மேல் வந்தால் ‘வேறுபாடு இல்லை என்று நிறுவப்பட்டது’ என்று எழுதக் கூடாது; வேறுபாடு உண்டு என்று சொல்லப் போதிய ஆதாரம் இத்தரவில் இல்லை என்பதே சரியான கூற்று. அப்போதும் நம்பிக்கை இடைவெளியைக் கொடுக்க வேண்டும். அது சுழியத்தைச் சுற்றி மிகக் குறுகலாக இருந்தால், வேறுபாடு இருந்தாலும் அற்பமானது என்று வாசகரே முடிவு செய்துகொள்வார்.

பல அளவுகளை ஒரே தாளில் வரிசையாகச் சோதிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத, ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைத் தலா 0.05 எல்லையில் செய்தால், குறைந்தது ஒன்றாவது ‘வேறுபாடு உண்டு’ என்று பொய்யாகச் சொல்ல 64 விழுக்காடு வாய்ப்பு உண்டு; =1-0.95^20 என்று எழுதிப் பாருங்கள். எல்லையைச் சோதனைகளின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளும் பான்ஃபெரோனி முறை எளிய காப்பு. நாள்தோறும் தரவைச் சேர்த்து, நாள்தோறும் சோதித்து, எண் 0.05க்குக் கீழே விழுந்தவுடன் நிறுத்திக்கொள்வதும் இதே பிழையின் இன்னொரு முகம்.

தரவு இயல்நிலைப் பரவலில் இருக்க வேண்டுமே என்ற கவலையைப் பொறுத்தவரை, குழுக்கள் மிதமான அளவில் இருந்து, பரவல் ஒரு பக்கமாகக் கடுமையாகச் சாய்ந்திராதவரை டி-சோதனை தாக்குப்பிடிக்கும். ஐந்தாறு எண்கள் மட்டுமே உள்ள, வெகுவாகச் சாய்ந்த தரவுக்கு மான்-விட்னி போன்ற தரவரிசைச் சோதனை பொருத்தம். அதற்கு எக்செல்லில் தனிச் சார்பு இல்லை. ஆர் போன்ற புள்ளியியல் மென்பொருளுக்குச் செல்வதே எளிது.

அறிக்கையில் இப்படி எழுதலாம்: ‘பழைய குறிப்பைப் பயன்படுத்திய 10 பேரின் சராசரி நேரம் 26.0 நிமிடம், திட்ட விலக்கம் 2.6, புதிய குறிப்பைப் பயன்படுத்திய 8 பேருக்கு முறையே 23.0, 3.1. சராசரிகளின் வேறுபாடு 3.0 நிமிடம், 95 விழுக்காடு நம்பிக்கை இடைவெளி 0.04 முதல் 5.96 வரை, வெல்ச் சோதனை, டி-மதிப்பு 2.19, கட்டின்மைப் படிகள் 13.6, இருமுனைப் பி-மதிப்பு 0.047.’ எந்தச் சோதனை, எத்தனை முனை என்பவற்றை எழுதாத அறிக்கையை வேறொருவர் சரிபார்க்க முடியாது.

அடுத்த முறைக்கு எத்தனை பேர்

நம்பிக்கை இடைவெளி இவ்வளவு அகலமாக வந்ததற்கு எளிய மருந்து கூடுதல் ஆட்கள். எத்தனை பேர் என்பதற்கு ஒரு தோராய விதி உண்டு: மாறுபாட்டளவையை 16ஆல் பெருக்கி, கண்டுபிடிக்க விரும்பும் வேறுபாட்டின் வர்க்கத்தால் வகுத்தால், குழு ஒன்றுக்குத் தேவையான எண்ணிக்கை கிடைக்கும். இருமுனையில் 0.05 எல்லையில், அந்த வேறுபாடு உண்மையாக இருந்தால் அதைத் தவறவிடாமல் பிடிக்க ஏறத்தாழ 80 விழுக்காடு வாய்ப்பை இந்த எண்ணிக்கை தரும். நம் தரவில் இரு குழுக்களையும் சேர்த்துக் கணக்கிட்ட மாறுபாட்டளவை 8. இரண்டு நிமிட வேறுபாட்டைப் பிடிக்க 16×8/4, அதாவது குழுவுக்கு 32 பேர் வேண்டும். ஒரு நிமிட வேறுபாட்டைப் பிடிக்க 128 பேர். தேடும் வேறுபாடு பாதியானால் தேவைப்படும் ஆட்கள் நான்கு மடங்காகிறார்கள் என்பதால், இந்தக் கணக்கை முதல் ஆளை அளப்பதற்கு முன்பே தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.